மாதம் பத்து ரூபாய் வட்டி: ஆசிரியர் அறிய வேண்டிய கணக்கு

(திருவண்ணாமலையில் தொடக்க, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கற்றல் விளைவுகள் பற்றியும் மதிப்பீடு பற்றியும் காலையிலிருந்து பேசிக் களைத்திருக்கிறீர்கள். உணவு இடைவேளைக்குப் பிறகு எனக்குத் தந்திருக்கும் தலைப்பு கடன். இதைப் பற்றி ஆசிரியர் அறையில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. பேசாமல் இருப்பதால்தான் அது வளர்கிறது. அதனால் அறிவுரையில் தொடங்காமல் ஒரு கணக்கில் தொடங்குகிறேன்.

ஒருவர் ரூ.10,000 கடன் கேட்கிறார். தண்டல்காரர் ரூ.1,500 பிடித்துக்கொண்டு ரூ.8,500 கையில் தருகிறார். நாளைக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வட்டி எவ்வளவு? எட்டாம் வகுப்பில் கேட்டால் 15 விழுக்காடு என்பார்கள். நம்மில் பலரும் அப்படித்தான் சொல்வோம். ஆனால் கடன் வாங்கியவரிடம் ரூ.8,500 முதல் நாள் மட்டும்தான் முழுதாக இருக்கிறது. அடுத்த நாளே அதிலிருந்து திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார். குறைந்துகொண்டே வரும் அசலை வைத்துக் கணக்கிட்டால் வட்டி ஆண்டுக்குச் சுமார் 120 விழுக்காடு வருகிறது. அதே ஆளிடம் வங்கி 14 விழுக்காடு என்று சொன்னால், அது அதிகம் என்று எழுந்து வந்துவிடுவார்.

இந்த ஊரில் மாதந்தோறும் பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டரும் கடைவீதியாக மாறுகிறது. கார்த்திகைத் தீபம் என்றால் சொல்லவே வேண்டாம். பூ, கற்பூரம், சுண்டல், இளநீர், பொம்மை என்று விற்கும் பெற்றோரின் பிள்ளைகள் நம் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். காலையில் ரூ.900 வாங்கி மாலையில் ரூ.1,000 கொடுப்பது சந்தைகளில் பழகிப்போன வழக்கம். ஒரு பகலுக்கு 11 விழுக்காடு. வியாபாரம் நடந்த நாளில் இது உறுத்தாது. மழை பெய்த பௌர்ணமிதான் அந்த வீட்டை முறிக்கும்.

ஆயிரம் ஆண்டுக்கு முன்பும் இந்த நாட்டில் வட்டி இருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பார்த்தால், கோயில் பணத்தை ஊர்ச்சபைகளுக்குக் கடனாகக் கொடுத்த விவரம் இருக்கிறது. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது 12½ விழுக்காடு. அதைக் கல்லில் வெட்டி எல்லோரும் படிக்கும்படி வைத்தார்கள். இன்று பத்து வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய், ஆண்டுக்கு 120. அதை எங்கும் எழுதுவதில்லை. எழுதாத வட்டி எதுவாக இருந்தாலும் எச்சரிக்கையாக இருங்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். அரசுச் சம்பளம் வாங்குபவர் ஏன் தண்டல்காரரிடம் போகிறார்? கணக்குப் புத்தகத்தில் வருவது போல ஓர் ஆசிரியருக்கு ‘அ’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். எல்லாப் பிடித்தமும் போகக் கைக்கு வருவது ரூ.52,000. தனிநபர் கடன் தவணை ரூ.14,500. வீட்டுக்கடன் தவணை ரூ.13,000. மகனின் கல்லூரி, அரிசி, பெட்ரோல் எல்லாம் மிச்சத்தில். நான்கு ஆண்டுக்கு முன் மைத்துனர் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். மைத்துனர் கட்டவில்லை. ஜாமீன்தாரரின் பெயரும் கடன் தகவல் அறிக்கையில் ஏறும் என்பது ஆசிரியர் ‘அ’வுக்குத் தெரியாது. ஒரு நாள் தாயார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. இரண்டு நாளில் ரூ.1,50,000 வேண்டும். வங்கிக்குப் போனால், “சார், உங்கள் சிபில் 580” என்கிறார்கள்.

அன்று மாலையே ஒருவர் வீட்டுக்கு வந்து பணம் தருகிறார். பத்து வட்டி. மாதம் ரூ.15,000. பதிலுக்கு இரண்டு வெற்றுக் காசோலையும் சம்பளக் கணக்கின் ஏ.டி.எம். அட்டையும் கேட்கிறார். பத்து மாதம் கழித்து ‘அ’ கட்டிய வட்டி ரூ.1,50,000. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வட்டிக்காரர் முதல் தேதி வாசலில் வந்து நிற்கிறார். வங்கி குறுஞ்செய்திதான் அனுப்புகிறது. நாம் வாசலில் நிற்பவருக்கு முதலில் கொடுக்கிறோம். வங்கித் தவணை தவறுகிறது. மதிப்பெண் இன்னும் இறங்குகிறது. அடுத்த அவசரத்துக்கு வங்கிக் கதவு மூடியிருக்கிறது. மறுபடியும் அதே வட்டிக்காரர். இந்தச் சுற்றை எந்த இடத்தில் அறுப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் அந்த மதிப்பெண் என்ன என்று பார்ப்போம். சிபில் என்பது 2000இல் தொடங்கிய ஒரு கடன் தகவல் நிறுவனம். இந்தியாவில் இப்படி நான்கு இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இவை இயங்குகின்றன. மதிப்பெண் 300 முதல் 900 வரை. நீங்கள் நல்லவரா கெட்டவரா என்பதை அது அளப்பதில்லை. வாங்கிய கடனைத் தேதி தவறாமல் கட்டினீர்களா, எத்தனை கடன் ஓடுகிறது, அண்மையில் எத்தனை இடத்தில் கடன் கேட்டீர்கள் என்பவற்றைத்தான் பார்க்கிறது. ஆகவே, ஓர் இடத்தில் மறுத்தவுடன் அதே வாரத்தில் ஐந்து இடத்தில் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் பதிவாகிறது.

நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்த்தால் மதிப்பெண் குறையாது. கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவையில் இருப்பதாகக் காட்டலாம். நீங்கள் வாங்காத கடன்கூட இருக்கலாம். தவறு இருந்தால் புகார் கொடுங்கள். முப்பது நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்குப் பிறகான ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு உண்டு.

இன்னொரு நுட்பம். பழைய கடனை வங்கியோடு பேசிக் குறைந்த தொகைக்கு முடித்தால் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று ஏறும். முழுவதும் கட்டினால் ‘க்ளோஸ்டு’ என்று ஏறும். இரண்டும் ஒன்றல்ல. முதல் சொல்லைப் பார்க்கும் அடுத்த வங்கி தயங்கும். வேறு வழியில்லாதபோது பேசி முடிப்பதில் தவறில்லை. ஆனால் என்ன சொல் ஏறப்போகிறது என்பதைக் கேட்டுக்கொண்டு முடியுங்கள். கடன் முடிந்ததும் நிலுவை இல்லை என்ற சான்றை எழுத்தில் வாங்குங்கள்.

பணம் கொடுத்தால் சிபிலை ஏற்றித் தருகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம். சரியான பதிவை யாராலும் அழிக்க முடியாது. தவறான பதிவைத் திருத்தக் கட்டணம் கிடையாது. பிறகு எதற்குப் பணம்?

சரி, மதிப்பெண் ஏறப் பல மாதம் ஆகும். தாயார் மருத்துவமனையில் இருக்கிறார். இன்று என்ன செய்வது?

முதல் கேள்வி, இந்தத் தொகை முழுவதும் கடனாகத்தான் வேண்டுமா? திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நமக்கு அரசு ஊழியர் மருத்துவக் காப்பீடு இருக்கிறது. அந்த அட்டையில் யார் யார் பெயர் இருக்கிறது, எந்தெந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறது என்பதை நோய் வருவதற்கு முன்பே பார்த்து எழுதிவையுங்கள். ஆம்புலன்ஸில் உட்கார்ந்துகொண்டு தேடாதீர்கள்.

இரண்டாவது கேள்வி, இன்று எவ்வளவு வேண்டும், அடுத்த வாரம் எவ்வளவு வேண்டும்? மருத்துவமனையோ கல்லூரியோ, முழுத் தொகையையும் முதல் நாளே கேட்பது குறைவு. அவசரத்தில் மொத்தத்தையும் ஒரே கையில் வாங்குகிறோம். ரூ.40,000 இன்று, மிச்சம் பத்து நாளில் என்று பிரித்தாலே வழிகள் கூடும்.

அடுத்து, மதிப்பெண்ணைப் பார்க்காத வழிகள். வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று, நம் சொந்தப் பணம். 1.4.2003க்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பொது வருங்கால வைப்பு நிதி இருக்கிறது. அதில் முன்பணம் எடுக்கலாம். பண்டிகை முன்பணத்துக்கு வட்டி இல்லை. அதை ரூ.10,000இலிருந்து ரூ.20,000 ஆக உயர்த்துவதாக 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் அறிவித்தார்கள். ஈட்டிய விடுப்பு ஒப்படைப்பும் 2025 அக்டோபர் முதல் மீண்டும் வந்திருக்கிறது. 2003க்குப் பின் சேர்ந்த இளைய ஆசிரியர்களுக்கு வருங்கால வைப்பு நிதி என்ற பிடிமானம் இல்லை. அவர்கள்தான் செயலிக் கடனுக்கு எளிதில் போகிறார்கள். ஆகவே, மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ அஞ்சலகத் தொடர் வைப்பில் போடுங்கள். பன்னிரண்டு தவணை கட்டியபின் இருப்பில் பாதிவரை அங்கேயே கடன் கிடைக்கும்.

இரண்டு, ஆயுள் காப்பீட்டுப் பாலிசி. சில ஆண்டுகள் கட்டிய பாலிசிக்குச் சரண் மதிப்பு இருக்கும். அதன் பேரில் கடன் வாங்கலாம். சிபில் கேட்க மாட்டார்கள். பலருக்குப் பாலிசி பத்திரம் பீரோவில் இருப்பதே நினைவில் இருப்பதில்லை.

மூன்று, நகைக்கடன். ஈடு கையில் இருப்பதால் மதிப்பெண் பெரிய தடையாக இருக்காது. கூட்டுறவு வங்கியிலோ, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ, பொதுத்துறை வங்கியிலோ வையுங்கள். ஆண்டுக்கு 10 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் ரூ.1,50,000க்கு மாதம் ரூ.1,250 வட்டி. வாசலில் நிற்பவருக்கு மாதம் ரூ.15,000. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நகையை அடகு வைத்தால் ஊரில் என்ன சொல்வார்கள் என்ற வெட்கத்தின் விலை மாதம் ரூ.13,750. கடனை அடைத்த ஏழு வேலை நாளுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு ரூ.5,000 இழப்பீடு என்று 2025இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறை சொல்கிறது.

நான்கு, பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம். தவணை சம்பளத்திலேயே பிடித்தம் ஆவதால் அவர்களுக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் அங்கே சக ஆசிரியரின் ஜாமீன் வேண்டும். ஜாமீன் கேட்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எவ்வளவு, எதற்கு, இப்போது எத்தனை கடன் ஓடுகிறது? கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று நினைக்காதீர்கள். ஜாமீன் கையெழுத்து என்பது, அவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுப்பது. அப்படிக் கட்ட முடியாத தொகைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஐந்து, ஏற்கெனவே கடன் கொடுத்த வங்கி. தவணை தவறப்போகிறது என்று தெரிந்தால் தவறுவதற்கு முன்பே போய்ச் சொல்லுங்கள். தவணைத் தேதியைச் சம்பளத் தேதிக்கு மாற்றித் தரக் கேட்கலாம். கடன் காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்கக் கேட்கலாம். எல்லா வங்கியும் ஒப்புக்கொள்ளும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று தவணை தவறியபின் போகிறவரைவிட முன்பே போகிறவருக்குப் பேச இடம் இருக்கிறது. எழுத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள்.

ஆறு, உறவும் நட்பும். அண்ணனிடம் வாங்கினாலும் ஒரு தாளில் தொகை, தேதி, திருப்பித் தரும் மாதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். உறவைக் காப்பாற்றுவது அந்தத் தாள்தான்.

போகக் கூடாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன்.

செயலிக் கடன். ரூ.5,000 என்று சொல்லி ரூ.3,200 கணக்கில் போட்டு ஏழாம் நாள் ரூ.5,000 கேட்டால், ஒரு வாரத்துக்கு 56 விழுக்காடு. பிறகு உங்கள் கைப்பேசியில் இருக்கும் எண்களுக்கெல்லாம் செய்தி போகும். பெற்றோர் எண்ணுக்கும், தலைமை ஆசிரியர் எண்ணுக்கும் போகும். ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் டிஜிட்டல் கடனுக்கு விதி வகுத்தது. கடன் தருவது ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் உள்ள நிறுவனமாக இருக்க வேண்டும். பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வர வேண்டும். ஆண்டு வட்டி உள்பட எல்லாச் செலவையும் ஒரே தாளில் முன்கூட்டியே காட்ட வேண்டும். தொடர்பு எண்களையும் படங்களையும் செயலி தொடக் கூடாது. அத்தகைய நிறுவனங்கள் தெரிவித்த செயலிகளின் பட்டியல் 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாததைத் தொடாதீர்கள். மாட்டிக்கொண்டவர் 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவை அழைக்கலாம்.

கடன் ஒப்புதல் ஆகிவிட்டது, முதலில் ரூ.3,000 செயல்பாட்டுக் கட்டணம் கட்டுங்கள் என்று தொலைபேசியில் சொன்னால் அதுவும் மோசடி. சிபில் குறைவாக இருப்பவர்களைத் தேடித்தான் இந்த அழைப்பு வருகிறது.

ஏ.டி.எம். அட்டையை அடகு வைக்காதீர்கள். வெற்றுக் காசோலை கொடுக்காதீர்கள். கடனைக் கட்ட முடியாமல் போவது உரிமையியல் வழக்கு. காசோலை திரும்பினால் அது குற்ற வழக்கு. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் இரண்டாண்டு வரை சிறை உண்டு. ஒரு கடனை வழக்கின் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றுவதற்குத்தான் வட்டிக்காரர் காசோலை கேட்கிறார்.

மாட்டிக்கொண்ட பிறகு என்ன செய்வது? இங்கே நம்மைக் கட்டிப்போடுவது பயம். அந்தப் பயத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“உன்னை ஜெயிலுக்கு அனுப்புவேன்.” கட்ட இயலாமை குற்றமல்ல. வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு கட்டாதவரைத் தவிர, வெறும் இயலாமைக்காக ஒருவரைச் சிறையில் வைக்கக் கூடாது என்று 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

“உன் சம்பளம் முழுவதையும் முடக்குவேன்.” முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவின்படி, முதல் ஆயிரம் ரூபாயும் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கும் பற்றுகைக்கு அப்பாற்பட்டவை. ஜீவனாம்சத்துக்குத் தனி விதி. அதுவும் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகுதான், ஒரே தீர்ப்புக்கு மொத்தம் 24 மாதம்தான். வருங்கால வைப்பு நிதியைத் தொட முடியாது.

“பள்ளிக்கு வந்து அசிங்கப்படுத்துவேன்.” தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் 2003ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் பெயர் சொல்லி அதில் வருகின்றன. மூன்றாண்டு வரை சிறை, ரூ.30,000 வரை அபராதம். மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025இல் இன்னொரு சட்டமும் நம் மாநிலத்தில் வந்திருக்கிறது. முகவரை அனுப்புவது வங்கியோ நிதி நிறுவனமோ ஆனாலும், காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஏழு மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. மிரட்டல் செய்தியை அழிக்காதீர்கள். அழைப்புத் தேதி, நேரம், பேசிய சொல் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கொடுத்த ஒவ்வொரு ரூபாயையும் வங்கி வழியாகக் கொடுங்கள். எவ்வளவு கட்டினோம் என்று காட்ட முடியாமல்தான் பல புகார்கள் நிற்காமல் போகின்றன.

எங்கே போவது? காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. எண் 15100. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. வங்கி மீது குறை இருந்தால் முதலில் வங்கிக்கே எழுதுங்கள். முப்பது நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். விவரம் கேட்க எண் 14448.

“வேலை போய்விடும்.” இந்தப் பயம்தான் நம்மில் பலரை வாய் திறக்காமல் வைத்திருக்கிறது. 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகள், அரசு ஊழியர் வழக்கமான கடனாளியாக இருப்பதைத் தவிர்க்க வேண்டும் என்கின்றன. கடனுக்காக நீதிமன்ற நடவடிக்கை வந்தால் மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. மறைத்தால்தான் சிக்கல். எழுத்தில் தெரிவித்து, கட்டும் திட்டத்தையும் இணைத்துக் கொடுத்தவருக்குத் தன் பக்கம் சொல்ல ஒரு தாள் இருக்கிறது. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நம் மாணவரின் பெற்றோரிடம் கடன் வாங்கக் கூடாது. வட்டிக்கும் விடக் கூடாது. அப்படிச் செய்தபின் அந்தக் குழந்தையின் தாளில் நாம் போடும் மதிப்பெண்ணுக்கு மதிப்பில்லை.

ஆசிரியர் ‘அ’வுக்குத் திரும்புவோம். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் மகனையும் உட்காரவைத்து ஒரே தாளில் எல்லாக் கடனையும் எழுத வேண்டும். யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி. முதலில் சாப்பாடு, மருந்து, படிப்பு. அடுத்து வீட்டைப் பிடித்திருக்கும் கடன். அதன்பின் வட்டி அதிகமானது முதலில். வீட்டில் இருக்கும் நகையையும் பாலிசியையும் வைத்து ரூ.1,50,000 எடுத்து வட்டிக்காரரின் அசலை வங்கி வழியாகக் கட்டி, காசோலைகளைத் திரும்ப வாங்க வேண்டும். திருப்பித் தர மறுத்தால் அன்றே வங்கியில் காசோலைகளை நிறுத்தச் சொல்லி எழுதி, காவல் நிலையத்திலும் புகார் கொடுக்க வேண்டும். நிறுத்தினால் மட்டும் 138ஆம் பிரிவு வழக்கு வராது என்று சொல்ல முடியாது. அசல் கட்டிய வங்கி ரசீது அங்கேதான் உதவும். ஏ.டி.எம். அட்டையை முடக்கிப் புது அட்டை வாங்க வேண்டும். மாதம் ரூ.15,000 போன இடத்தில் இனி ரூ.1,250 போகும். மிச்சம் ரூ.13,750. அதிலிருந்து மாதம் ரூ.10,000 நகைக்கடன் அசலில் கட்டினால் பதினைந்து மாதத்தில் நகை வீட்டுக்கு வரும். அதோடு வங்கித் தவணையும் தவறாது. மதிப்பெண் தானே மெல்ல ஏறும். வருமானம் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. பணம் போகும் திசைதான் மாறியிருக்கிறது.

வீட்டில் சொல்லாமல் இதைச் செய்ய முடியாது. மனைவிக்குத் தெரியாத கடன், கணவருக்குத் தெரியாத கடன், இவைதான் மிக அதிக வட்டியில் இருக்கின்றன.

கடைசியாக, நம் பிள்ளைகளின் வீடு. ஆரணியில் தறி ஓட்டும் வீடு, வந்தவாசியில் பாய் நெய்யும் வீடு, ஜவ்வாது மலையிலிருந்து வெளியூர் வேலைக்குப் போகும் வீடு. ஒரு பிள்ளை திடீரென்று நீண்ட நாள் வராமல் போனால் காரணங்களில் கடனையும் ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். நாம் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கடன் வாங்கத் தேவையே இல்லாத இடத்தைக் காட்டினால் போதும். அரசுப் பள்ளியில் படித்து 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் தொழிற்கல்வி சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் ரூ.1,000. வருவாய் ஈட்டும் பெற்றோர் விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ மாணவர் பெயரில் ரூ.75,000 வைப்பாகப் போடும் திட்டம் இருக்கிறது. அதற்கு விண்ணப்பம் நம் பள்ளியிலிருந்துதான் போக வேண்டும். கல்விக் கடன் ரூ.4 லட்சம் வரை ஈடு இல்லாமல் கிடைக்கும். முதல்முறை கடன் கேட்பவரைப் பழைய கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்தால் வங்கி மறுக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். தெருவில் விற்பவருக்குப் பிரதமர் ஸ்வநிதி திட்டம் இருக்கிறது. 2020இல் ரூ.10,000 முதல் கடனோடு தொடங்கியது. இப்போது முதல் கடன் ரூ.15,000. ஒழுங்காகக் கட்டினால் அடுத்தடுத்து ரூ.25,000, ரூ.50,000. வட்டியில் 7 விழுக்காடு மானியம். கிரிவலப் பாதையில் பூ விற்கும் ஒரு தாய்க்கு இது தெரிந்தால் காலையில் ரூ.900 வாங்க வேண்டாம்.

2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்து வட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு தொழிலாளர் குடும்பம் தீக்குளித்தது. கணவன், மனைவி, இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். நால்வரும் இறந்தார்கள். கடன் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது ஒரு தொகைதான். அதற்குச் சட்டம் இருக்கிறது, தவணை இருக்கிறது, பேசி முடிக்க வழி இருக்கிறது. உங்கள் அறையில் ஒரு சக ஆசிரியர் கொஞ்ச நாளாகப் பேசாமல், சாப்பிடாமல், தொலைபேசி அடித்தால் வெளியே ஓடுகிறார் என்றால் தனியாக அழைத்து, “கடன் ஏதாவது இருக்கா சார்?” என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அவமானம் என்று நினைக்காதீர்கள். மனம் தாங்காத நேரத்தில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும் 104 என்ற எண்ணிலும் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

வீட்டுப்பாடம் இல்லாமல் அனுப்பினால் ஆசிரியர் கூட்டமாக இருக்காது. மூன்று வேலை. இந்த வாரம் உங்கள் கடன் தகவல் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள். அடுத்த வாரம் எட்டாம் வகுப்பில் கூட்டுவட்டி நடத்தும்போது புத்தகக் கணக்கோடு, நான் முதலில் சொன்ன ரூ.8,500 கணக்கையும் கரும்பலகையில் போடுங்கள். பிள்ளைகள் அதை வீட்டில் போய்ச் சொல்வார்கள்.